கிரிவலத்துக்குக் கம்பு வெட்டுகிறவர்களுக்கு

அன்பர்களே,

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் மலையைச் சுற்ற வரும் எல்லாருக்குமான மடல் அல்ல இது. வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு திரும்புகிறவர்களிடம் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. பையில் மடக்குக் கத்தி வைத்துக்கொண்டு, நடக்கிற நடையிலேயே பாதையோரக் கிளைகளைக் கண்ணால் அளந்து, "இது கைக்கு அடக்கமா இருக்குமே" என்று ஒரு செடியின் முன்னால் நின்றுவிடுகிறீர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

உங்கள் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். 14 கிலோமீட்டர் தூரத்தை வெறுங்காலோடு நடந்து தீர்க்கிற ஊர் இது. பாதி வழிக்குமேல் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். அப்போது கைக்கு ஒரு துணை வேண்டும் என்று தோன்றுவது நியாயம். தானே செதுக்கிய கம்பு கடைக்கம்பைவிடக் கையோடு ஒட்டும் என்பதும் உண்மை. பச்சை மரத்தில் செதுக்குவதே சுகம் என்று நீங்கள் சொன்னால் அதிலும் நான் உங்கள் கட்சி. எங்கே வெட்டுகிறீர்கள் என்பதில்தான் சண்டை. வெட்டியதை அரைகுறையாகச் சீவி, இரவோடிரவாக நடந்து முடித்து, விடிந்ததும் பேருந்து நிலையத்தில் சாய்த்துவைத்துவிட்டுப் போய்விடுகிறீர்கள் என்பதிலும் கொஞ்சம் சண்டை உண்டு.

கேட்டால் நீங்கள் சொல்லும் சமாதானம் எனக்கு மனப்பாடம். பகவான் ரமணரே மலையில் உட்கார்ந்து கம்பு செதுக்கவில்லையா என்பீர்கள். செதுக்கினார். ரமணாசிரமத்தில் 1935 முதல் 1939 வரை நடந்த உரையாடல்களை முனகால வேங்கடராமையா குறித்துவைத்தார். தமிழில் 'பகவத் வசனாமிருதம்' என்று படிக்கக் கிடைக்கிற அந்த நூலில் இந்தச் சம்பவம் இருக்கிறது. வேலூர் ஊரிசு கல்லூரியில் தெலுங்குப் பண்டிதராக இருந்த ரங்காச்சாரி என்பவர், பலனை எதிர்பார்க்காமல் செயல் செய்வது எப்படி என்று ரமணரிடம் கேட்கிறார். பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ரமணர் எழுந்து மலைக்குப் போகிறார். பண்டிதரும் இன்னும் சிலரும் பின்னாலேயே போகிறார்கள். வழியில் முள்கம்பு ஒன்று கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, முள்ளைக் கழித்து, கணுக்களை மழித்து, சொரசொரப்பான இலையால் தேய்த்து மெருகேற்றுகிறார். ஆறு மணி நேரம் போகிறது. முள்ளாகக் கிடந்தது இவ்வளவு அழகான தடியாகிவிட்டதே என்று எல்லாரும் வியக்கிறார்கள். திரும்பும் வழியில் தன் கோலைத் தொலைத்துவிட்டு விழித்துக்கொண்டு நிற்கிறான் ஆடு மேய்க்கிற பையன் ஒருவன். கம்பை அவன் கையில் கொடுத்துவிட்டு ரமணர் நடையைக் கட்டிவிடுகிறார். கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டது என்கிறார் பண்டிதர்.

மேடைகளில் இதைச் சொல்கிறவர்கள் பற்றற்ற செயல் என்ற பாடத்தோடு முடித்துக்கொள்வார்கள். கம்பு செதுக்குகிறவனின் காதில் வேறு இரண்டு சேதிகள் விழும். அந்தக் கம்பு வழியில் கிடந்தது. எந்த மரத்திலிருந்தும் வெட்டப்படவில்லை. ஆறு மணி நேரம் ஆனது என்பது இன்னொன்று. அப்போது வெட்டிய பச்சைக் கம்பில் முள் கழிக்கவும் கணு மழிக்கவும் இவ்வளவு நேரம் பிடிக்காது. கத்தி தானாக ஓடும். காய்ந்து இறுகிப்போன முள்மரத்தில்தான் ஒவ்வொரு கணுவும் கத்தியோடு மல்லுக்கு நிற்கும். கிடந்தது காய்ந்த கம்பு என்பது என் கணிப்பு. எப்படியானாலும், பச்சைக் கிளையை வெட்ட இந்தக் கதையைச் சாட்சிக்கு இழுக்க முடியாது.

சொரசொரப்பான இலை என்றதும் எனக்குப் பராய் மரம் ஞாபகம் வரும். அதன் இலை உப்புத்தாளுக்கு மாற்று. மரத்தையும் தந்தத்தையும் மெருகேற்ற அந்தக் காலத்தில் அதைத்தான் பயன்படுத்தினார்கள். திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பராய்த்துறை என்று ஓர் ஊரே அதன் பெயரில் இருக்கிறது, தலமரமும் அதுதான். ரமணர் கையிலிருந்தது எந்த இலை என்று நூல் சொல்லவில்லை. உங்களுக்குப் பராய் கிடைத்தால் காய்ந்த கம்பில் தேய்த்துப் பாருங்கள்.

ரமணரை இழுத்ததால் இன்னும் இரண்டு சங்கதி சொல்லிவிடுகிறேன். தினமும் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த எச்சம்மாள் ஒரு லட்சம் இலை பறித்து அர்ச்சனை செய்ய நினைத்தபோது, உன் உடம்பையே அத்தனை தடவை கிள்ளி அர்ச்சிக்கலாமே என்கிற மாதிரி கேட்டார். ஆசிரமத்து மாமரத்தில் ஆட்கள் கம்பால் அடித்து இலை உதிர உதிரப் பழம் பறித்தபோது கடுமையாகக் கோபித்துக்கொண்டார். மலையில் தளிரை ஒடித்துவிட்டு அவர் பெயரைச் சொல்வது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மலை காப்புக்காடு. 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தின் கீழ் அங்கே கிளை வெட்டுவது குற்றம். சட்டத்தைக் காட்டி யாரையும் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை, அதைவிடப் பெரிய காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. ஒரு காலத்தில் மொட்டையாய், புல்லும் பாறையுமாய் நின்ற மலை இது. 1980களின் பிற்பகுதியிலிருந்து இங்கே மரம் நடுகிறார்கள். ஃபாரஸ்ட் வே போன்ற அமைப்புகளும் வனத்துறையும் வருடா வருடம் மழைக்கு முன்னால் கன்றைத் தூக்கிக்கொண்டு ஏறுகின்றன. பாறை இடுக்கில் ஒரு சாண் மண்ணில் பிழைக்க வேண்டும் அந்தக் கன்று. கோடையில் புல் காய்ந்து தீப்பிடிக்கும். அதற்காகத் தீத்தடுப்புக் கோடு வெட்டிவைக்கிறார்கள், தீ வந்தால் பச்சைத் தழையால் அடித்து அணைக்கிறார்கள். ஆடு, தீ, வெயில் எல்லாவற்றையும் தாண்டி ஓர் ஆத்தியோ உசிலையோ கட்டைவிரல் கனத்துக்கு நிமிரப் பல வருடம் ஆகும். கட்டைவிரல் கனத்தைத் தாண்டி நேராக நிமிர்ந்ததுதான் உங்கள் கண்ணிலும் முதலில் படுகிறது. கம்புக்கு ஏற்ற கனமும் நேரும் இளமரத்துக்குத்தான் உண்டு. காட்டின் அடுத்த தலைமுறையைப் பொறுக்கி எடுக்கிறீர்கள் என்று பொருள்.

2024 டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மலையடிவாரத்து வீட்டின்மேல் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருடம் கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. அந்தச் சரிவுக்குக் காரணம் இன்னது என்று தீர்ப்பு சொல்ல நான் நிபுணன் அல்ல. ஈரமண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது எது என்று இந்த ஊர்க்காரர்கள் அதற்குப் பிறகு வேறு மாதிரி பேசுகிறார்கள் என்று மட்டும் சொல்வேன். கிரிவலப் பாதையை அகலமாக்க மரங்கள் வெட்டப்பட்டபோது எதிர்ப்பு கிளம்பி, வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. அந்த எதிர்ப்பில் நின்று கோஷம் போட்டவர்களிலேயே சிலர் கையில் பச்சைக் கம்பு இருந்தால் என்ன செய்வது?

சரி, எங்கேதான் வெட்டுவது என்கிறீர்களா? அதற்குத்தான் வருகிறேன். சீமைக்கருவேலத்தை வெட்டுங்கள்.

முகம் சுளிக்க வேண்டாம். ஏரியைத் தின்ற மரம், கிணற்றை வற்றடித்த மரம் என்று திட்டி, உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், பொக்லைன் வைத்துப் பிடுங்கி எறிகிறோமே, அதே மரம்தான். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துச் சரக்கு. மெட்ராஸ் மாகாண வனப் பாதுகாவலர் பெட்டோம் எழுதிக் கேட்டு, 1870களில் விதை இங்கே வந்து சேர்ந்தது. முதலில் விதைத்த இடங்களில் கடப்பையும் ஒன்று. காமராசர் காலத்தில்தான் வந்தது என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். அதற்கு எண்பது வருடம் முன்பே அது கடல் தாண்டிவிட்டது. விறகுக்கு என்று வந்தது, இன்றைக்கும் விறகாகவும் கரிமூட்டத்துக்கும் செங்கல் சூளைக்கும்தான் போகிறது. அந்த விறகுக் கட்டுக்குள் எத்தனை நல்ல கைத்தடிகள் எரிந்து சாம்பலாகின்றன என்பதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

ஏன் அவ்வளவு நல்லது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பச்சை மரத்தின் குணம் தெரியாமல் இது விளங்காது. அப்போது வெட்டிய மரத்துக்குள் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. நார்க்குழல்களின் பொந்துக்குள் நிற்கிற தண்ணீர் ஒன்று, குழலின் சுவருக்குள்ளேயே ஊறிக்கிடப்பது இன்னொன்று. முதலில் பொந்துத் தண்ணீர் போகும். அதுவரை மரத்தின் அளவு மாறாது. உலர்ந்த எடையில் 25 முதல் 30 சதவீதம் என்கிற அளவுக்கு ஈரம் இறங்கிய பிறகு சுவர்த் தண்ணீர் போக ஆரம்பிக்கும். மரம் சுருங்குவது அப்போதுதான். நீளவாக்கில் சுருக்கம் ஏறக்குறைய இல்லை. குறுக்கே சுருங்கும், அதிலும் வளையத்தின் சுற்றுவாக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப்போல் பெரும்பாலும் இரண்டு மடங்கு. முழு உருட்டாக இருக்கும் கம்பில் இந்த இரண்டு சுருக்கமும் ஒத்துப்போக வழியில்லை, ஆகவே வெடிக்கிறது. மேலிருந்து மையம் வரைக்கும் ஒரு கோடாகப் பிளந்து நிற்கும் கம்பைப் பார்த்திருப்பீர்கள். ஆசாரிகள் இதற்காகவே கட்டையைப் பிளந்து, நடுவை நீக்கிக் காயவைப்பார்கள். கைத்தடிக்காரனுக்கு அந்த வசதி இல்லை, அவனுக்கு நடுவும் வேண்டும்.

சீமைக்கருவேலத்தில் மொத்தச் சுருக்கமே குறைவு, இரண்டு திசைகளுக்கும் உள்ள வித்தியாசமும் குறைவு. அமெரிக்காவில் இதன் பங்காளி மரமான மெஸ்கீட்டை மரவேலைக்காரர்கள் விரும்புவதற்கு இதுதான் காரணம். காய்ந்தாலும் அளவு மாறாது. கனமான, இறுகிய மரம். ஓரத்தில் வெளுத்தும் உள்ளே செம்பழுப்பு வைரமுமாக, எண்ணெய் பட்டதும் தேக்கு தோற்கும். குறை என்னவென்றால் முள். ஜோடி ஜோடியாக, குத்தினால் சீழ் வைக்கிற முள். இன்னொரு குறை, நேராக வளராது. ஆனால் கம்புக்காரனுக்கு இரண்டும் குறையே அல்ல. அயர்லாந்தில் கரும்முள் மரம் என்று ஒன்று வேலியில் வளரும். அதன் முள்ளைக் கழித்து, அடிமுண்டுகளை அப்படியே விட்டு, வெண்ணெயோ கொழுப்போ தடவிப் புகைபோக்கிக்குள் தொங்கவிட்டுக் கறுக்கவைத்துத் தடி செய்வார்கள். அந்தத் தேசத்துக்கே அது அடையாளம். இந்த முள்மரத்திலிருந்து நாம் இதுவரை கண்டது விறகும் கரியும் மட்டும்.

எங்கே கிடைக்கும்? ஏரிக்குள் நிற்பது அரசு சொத்து. நீங்களாக அரிவாளோடு இறங்கினால் அதுவும் திருட்டுத்தான். ஏலம் எடுத்து வெட்டுகிறவர்களிடம் கேளுங்கள், ஒரு கம்புக்குக் காசு வாங்கவே கூச்சப்படுவார்கள். தரிசாகக் கிடக்கும் பட்டா நிலமென்றால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை போதும், முழுவதையும் வெட்டிக்கொண்டு போங்கள் என்பார். விறகுக்கடைக்குப் போனால் அன்று இறங்கிய பச்சை லோடில் தேடலாம். ஏற்கெனவே வெட்டிய தூரிலிருந்து கிளம்பும் மறுதழைப்புப் போத்துகளைக் குறிவையுங்கள். வெளிச்சத்தைத் தேடி விறுவிறுவென்று ஏறுவதால் மற்ற கிளைகளைவிட அவை கொஞ்சம் நேராக இருக்கும்.

நேர் நேர் என்று உயிரை விடவும் வேண்டாம். நடுவில் எத்தனை வளைவு நெளிவு இருந்தாலும், மேலே உங்கள் கை அமர்கிற இடமும் கீழே தரையில் ஊன்றுகிற இடமும் ஒரே செங்குத்தில் இருந்தால் கம்பு எடை தாங்கும். ஒரு நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். கைப்பிடிக்கு ஒரு யோசனை. தாய்க்கிளையோடு சேர்த்துப் பக்கக்கிளையை வெட்டுங்கள், தாய்க்கிளையின் துண்டு பிடியாகும், பக்கக்கிளை தண்டாகும். நார் பிடியிலிருந்து தண்டுக்குத் தொடர்ச்சியாக ஓடுவதால், ஒட்டிவைத்த பிடியைப்போல் கழன்று வராது. கலப்பைக்கு வளைந்த கருவேலங்கிளையைத் தேடித் திரிந்த நம் ஆசாரிகளுக்கு இது தெரியாத வித்தை அல்ல.

வேறு மரங்களைப் பற்றியும் கேட்பீர்கள். கொல்லையில் கவாத்து செய்த கொய்யாவும் புளியும் அருமையான கம்புகள், நார் பின்னிக்கொண்டு கிடப்பதால் ஒடியாது. கல்மூங்கில் எல்லாருக்கும் தெரிந்தது. காட்டுக்கு வெளியே வளர்த்த மூங்கிலாக இருக்கட்டும். வேம்பு பரவாயில்லை. சவுக்கு நேராக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள், காயும்போது பிளந்துகொள்ளும். புங்கம் உளுத்துப்போகும். சாலை நடுவில் பூத்து நிற்கிற அரளியைத் தொடவே தொடாதீர்கள். அதன் பால் விஷம், வியர்த்த கையில் நான்கு மணி நேரம் பிடித்துக்கொண்டு நடக்கிற பொருள் அல்ல. (சிதம்பரத்துக்காரர்கள் தில்லை மரத்தைத் தொடமாட்டார்கள். தலமரம் என்ற மரியாதை ஒரு பக்கம், அதன் பால் கண்ணைக் கெடுக்கும் என்ற பயம் மறுபக்கம்.) நம் ஊர்த் தலமரம் மகிழம். அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

வெட்டும் காலம் மழை ஓய்ந்த பிறகு, மார்கழியும் தையும். காற்றில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கும், கம்பு நிதானமாகக் காயும். பங்குனி, சித்திரையில் வெட்டினால் இந்த ஊர் வெயில் ஒரே வாரத்தில் அதைப் பிளந்துவிடும். பௌர்ணமியில் வெட்டிய மரம் உளுக்கும், தேய்பிறையில் வெட்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். பௌர்ணமிக்கு மட்டும் இந்த ஊருக்கு வருகிற உங்களுக்கு இது சங்கடமான சாத்திரம். நான் அதை நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. வண்டு தேடி வருவது மரத்தின் வெளுத்த பகுதியிலிருக்கும் மாவுச்சத்துக்காக. அதைக் குறைக்கத்தான் மூங்கிலையும் மாங்கட்டையையும் குளத்தில் ஊறப்போட்டார்கள். ஊறப்போட முடியாவிட்டால் பட்டையையாவது உடனே உரித்துவிடுங்கள், அதற்கடியில்தான் புழு குடித்தனம் நடத்தும்.

வேண்டிய நீளத்துக்குமேல் இரண்டு முனையிலும் ஒரு சாண் கூடுதலாக வெட்டுங்கள். முனைவழியாக ஈரம் பக்கவாட்டைவிடப் பலமடங்கு வேகமாகப் போகும். முதல் வெடிப்பு முனையில்தான் வரும், அந்தத் துண்டைக் கடைசியில் நறுக்கி எறிந்துவிடலாம். வெட்டிய கையோடு முனைகளில் மெழுகையோ பழைய பெயிண்டையோ பூசுங்கள். ஒன்றும் இல்லையென்றால் சாணியும் களிமண்ணும் குழைத்து அப்பினாலும் சரி.

இனிக் கத்தி. பச்சையில் பட்டை வாழைநார் போல நாடா நாடாவாக வரும். அந்த ஒரு மணி நேர சுகத்துக்காகவே இந்த வேலையைச் செய்கிறவர்கள் உண்டு. முள்ளை அடியோடு வெட்டாமல் சின்ன முண்டாக விடுங்கள், பிறகு மழித்துக்கொள்ளலாம். சீவுவது எப்போதும் தடித்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கத்துக்கு. எதிர்வாக்கில் போனால் கத்தி நாருக்குள் புகுந்து பிளந்துகொண்டு போய்விடும். கணு வந்தால் இரண்டு பக்கமிருந்தும் கணுவின் உச்சிக்கு முன்பே நிறுத்தி நிறுத்திச் சீவுங்கள், ஒரே இழுப்பில் தாண்டப் பார்க்காதீர்கள். கட்டைவிரல் எப்போதும் அலகுக்குப் பின்னால் இருக்கட்டும். கம்பின் அடியைத் தொடையில் அல்ல, ஒரு கட்டையில் ஊன்றிக்கொள்ளுங்கள். மொத்தத்தில் வேண்டிய கனத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். பச்சையில் உப்புத்தாள் போடக் கூடாது, ஈரத்தூள் ஒட்டி இரண்டே தேய்ப்பில் தாள் வீணாகும்.

வேலைப்பாடு வேண்டும் என்பவர்களுக்குப் பட்டையே போதும். உரிக்கும்போது சுற்றிச் சுற்றி ஒரு நாடா விட்டு ஒரு நாடா உரித்து, ஓலைப் புகையில் காட்டி, பிறகு மீதிப் பட்டையை எடுத்துவிட்டால் கறுப்பும் வெள்ளையுமாகப் பாம்புவரி விழும். ஆடு மாடு மேய்க்கிற பிள்ளைகளின் கைவேலை அது. பிள்ளையாரையும் ஓம் எழுத்தையும் தண்டில் ஆழமாகச் செதுக்குகிறவர்கள், தங்கள் எடையைத் தாங்கப்போகிற இடத்தில் மரத்தைக் குறைக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள். செதுக்குவதானால் பிடியில் செதுக்குங்கள்.

பிறகு வரும் மாதங்கள்தான் உங்களில் பாதிப்பேரைக் கழித்துவிடும். கம்பை நிழலில், காற்றாடும் இடத்தில், மேல்முனையைக் கட்டித் தொங்கவிட்டு, கீழே ஒரு கல்லைக் கட்டுங்கள். சுவரில் சாய்த்துவைத்தால் அந்தச் சாய்வையே குணமாக்கிக்கொள்ளும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. நம் ஊர் வெக்கையில் அதைவிடச் சீக்கிரம் ஆகும். மாதத்துக்கு ஒரு தடவை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது. இன்னும் கோணல் இருந்தால் ஆவியில் காட்டுங்கள், ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் வேண்டும். சூடாக இருக்கும்போதே முட்டியில் வைத்து வளைத்து, ஆறும்வரை அப்படியே பிடித்திருக்க வேண்டும். சிலம்பக் கம்புக்கு மூங்கிலைத் தணலில் வாட்டி நிமிர்த்துகிறவர்களைப் பார்த்திருந்தால் கை தானாகப் புரிந்துகொள்ளும். கடைசியில் அரம், உப்புத்தாள், எண்ணெய். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது காயாது, பிசுக்கும் தூசியுமாக ஒட்டிக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து மேலே பிடித்துக்கொள்ளும். தேய்த்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், விரித்துக் காயவையுங்கள். சுருட்டிய துணி தானே சூடேறித் தீப்பிடித்த கதைகள் உண்டு.

பொறுமை இல்லாதவர்கள் பச்சையாகவே ஊன்றிக்கொண்டு கிளம்புவார்கள் என்று தெரியும். அதில் இரண்டு தொல்லை. ஒன்று, ஈரக்கம்பு எடை கூடுதல். இரண்டு, காய்ந்த மரத்தைவிடச் சுலபமாக வளையும்; வழுக்குகிற இடத்தில் நம்பி எடையைப் போட முடியாது. மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் மருத்துவர் நடைக்கோல் எழுதிக்கொடுத்தவர்களும் இந்த மடலைக் கைவேலைக்காகப் படிக்கலாம். ஊன்ற மட்டும் கடையில் விற்கிற, உயரம் கூட்டிக் குறைக்கிற அலுமினியத் தடிதான் நல்லது. அதில் எனக்குக் கௌரவப் பிரச்சினை எதுவும் கிடையாது.

உயரத்துக்குப் பெரியாரின் கைத்தடியையோ சாமியார்களின் தண்டத்தையோ பார்த்து அளவெடுக்காதீர்கள். எந்தக் காலோடு கிரிவலம் போகிறீர்களோ அந்தக் காலோடு, அதாவது வெறுங்காலோடு, நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டின் மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் பிடியின் உயரம், ஊன்றும்போது முழங்கை லேசாக மடிந்திருக்கும். செருப்போடு அளந்தால் வெறுங்காலுக்குக் கம்பு உயர்ந்துவிடும். மலைப்பாதைக்கு நெஞ்சளவு நீளக் கம்பு என்றால் அது வேறு கணக்கு, அதற்குப் பிடி தேவையில்லை. வலிக்கிற முழங்கால் வலது என்றால் கம்பு இடது கையில் இருக்க வேண்டும். வலிக்கிற பக்கமே ஊன்றுகிறவர்களைத்தான் பாதை நெடுக அதிகம் பார்க்கிறேன். கம்பும் வலிக்கிற காலும் ஒன்றாக முன்னால் போக வேண்டும், நல்ல கால் பின்னால் வர வேண்டும். மேல்பக்கம் 25 முதல் 30 மில்லிமீட்டர் கனம், அடியில் 20க்குக் குறையாமல் இருந்தால் போதும்.

தையில் வெட்டினால் ஆவணி, புரட்டாசிக்குள் காய்ந்துவிடும். ஐப்பசியில் மெருகு வேலையை முடித்தால் கார்த்திகை தீபத்துக்குக் கம்பு தயார். அடியில் இரும்புப் பூண் போடுவதா ரப்பரா என்று கேட்பார்கள். மண்பாதைக்குப் பூண் சரி. கிரிவலப் பாதை தாரும் சிமெண்டும். இரவு முழுக்கத் தண்ணீர் சிந்திச் சிந்தி நனைந்திருக்கும், அதில் இரும்பு வழுக்கும். மருந்துக்கடையில் ரப்பர் அடி தனியாகவே விற்கிறார்கள். பல அளவுகளில் இருக்கிறது, ஆகவே கம்பின் அடிக்கனத்தை அளந்துகொண்டு போங்கள். உள்ளே ஓர் இரும்பு வட்டு வைத்ததைக் கேட்டு வாங்குங்கள், அது இல்லாவிட்டால் மரமுனை ரப்பரைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். அடியில் உள்ள வரிகள் தேய்ந்து வழவழப்பானதும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
மலையடிவாரத்தில் கம்பு செதுக்குகிறவன்
திருவண்ணாமலை